நாலாம் எண்ணில் முனகும் நாற்காலி

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

அன்று நம் இசைத்தட்டுத் தொழிற்சாலையின் கேட்பறையில் இருந்தவர்கள் ஏழு பேர். முதல் நாற்காலியில் நான். அடுத்ததில் நெட்டை. மூன்றாவதில் இருமல்காரி, வேலை நேரத்தில் இருமக்கூடாது என்று வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நின்றுகொண்டிருந்தவர்கள் சூப்பர்வைசர் பொத்தான், மேனேஜர், வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய பழுப்புக் கோட்டுக்காரர். வாசலில், அச்சறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்த நீ. வாசலில் நின்றவனை உள்ளே இருந்தவனாக எண்ணலாமா என்று நீ வழக்குப் பேசலாம். நான் எண்ணிவிட்டேன்.

"டென்மார்க் சரக்கு ஞாபகம் இருக்கா அக்கா" என்று கார்டில் ஒற்றை வரி கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். மறந்தால் அல்லவா ஞாபகம் வருவதற்கு? முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. நீ வாசலில் நின்றதால் பாதிதான் காதில் விழுந்திருக்கும். முழுசாகச் சொல்கிறேன்.

ஆறு இசைத்தட்டுகள். செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் தட்டுகளை நானும் நெட்டையும் கேட்டுக் கையெழுத்துப் போட்டோம். மறுநாளே அவற்றை உடைத்தார்கள். யாரும் திருட்டு அச்சு எடுத்துவிடக்கூடாது என்று அங்கே அப்படி ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை நம் அச்சில் வந்த தட்டுகளைக் கேட்டேன். நாலாம் எண் போட்ட தட்டில் ஐந்தாம் எண்ணின் இசை ஓடுகிறது. ஐந்தில் நாலு. ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். பொத்தான் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். லேபிளிலும் நாலு, ஓரத்தில் கீறியிருந்ததும் நாலு.

"நம்பர் சரியாத்தானே இருக்கு?"

"நம்பர் சரி. பாட்டுதான் தப்பு."

மேனேஜர் சுவரைக் காட்டினார். அங்கே பலகையில் எழுதியிருக்கும்: இரைச்சலைக் கேள், இசையைக் கேட்காதே. "உன் வேலை கீறல் இருக்கா, பொரிச்சல் இருக்கான்னு பாக்கிறது. பாட்டு கேக்கச் சொல்லி உனக்கு யாரு சம்பளம் குடுத்தா?" என்றார். பிறகு நெட்டையைக் கேட்டார்கள். என்னோடு சேர்ந்து அதே மாதிரியைக் கேட்டவள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் சார் கேக்குது" என்றாள். அன்று சாயங்காலமே என் கையில் கடிதம். அடுத்த வாரம் என் நாற்காலியில் அவள்.

போகட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முட்டி வலி எப்படி? கடைக் கூரை ஒழுகியதே, அடைத்தாயா? உன் மகள், மாப்பிள்ளை, பிள்ளைகள் சுகமா? கடையில் திரியும் ஒற்றைக்காது பூனை சுகமா? இத்தனை வருஷம் கழித்து இந்தத் தட்டுகள் உனக்கு எங்கே கிடைத்தன?

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டில் அனைவரும் நலம். முட்டி சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. கூரை அடைத்தாகிவிட்டது. பூனை என்னைவிடத் திடமாக இருக்கிறது.

இறந்துபோன பியானோ ஆசிரியை ஒருவரின் வீட்டைக் காலி செய்தார்கள். பழைய தட்டு வாங்கி விற்பவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அலமாரியின் அடித்தட்டில் ஆறும் உறை பிரிக்காமல் இருந்தன. நம் தொழிற்சாலை முத்திரையைப் பார்த்ததும் விலை பேசாமல் ஆறையும் வாங்கிவிட்டேன்.

அப்போது நமக்கு எண்கள்தான் தெரியும். இப்போது பெயர்களைப் படித்தேன். ஒன்று ஹாமெரிக். இரண்டு கிளாஸ், பியானோ வாசித்தவர், கை மரத்துப்போய் எழுதுவதோடு நின்றவர். மூன்று ஹோல்ம்போ. நாலு லாங்கோர், பதினாறு சிம்பொனி எழுதியும் அவர் நாட்டிலேயே வாசிக்க ஆளில்லை. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கேட்டு அலைந்து, ஐம்பது நெருங்கும்போது தலைநகரை விட்டுத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் கிடைத்தது. ஐந்து நான்சி டால்பெர்க் என்ற பெண். இசைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். தனியாகப் பாடம் கேட்டே எழுத வந்தவர். ஆறு கோப்பெல், போர்க்காலத்தில் குடும்பத்தோடு பக்கத்து நாட்டுக்குத் தப்பியவர். டென்மார்க் என்றால் எல்லோரும் ஒரே ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இந்த ஆறு பேரும் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிறவர்கள்.

வானொலி நிலையத்து இசைத்தட்டு நூலகர் என் கடைக்கு வருகிறவர். அவரிடம் காட்டினேன். குதித்தார். ஆறு வார நிகழ்ச்சி செய்யப் போகிறாராம். என்னைக் குறிப்பு எழுதித் தரச் சொல்கிறார். ஒவ்வொரு தட்டிலும் உனக்கு என்ன ஞாபகம் என்று எழுதேன்.

அவளும் உன் உடல்நலம் விசாரித்தாள்.

உன்
தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நலம். கூரை அடைத்தது சந்தோஷம்.

நீ படித்தவன், பெயர் எழுதுகிறாய். நான் கேட்டதை எழுதுகிறேன். ஒன்றாம் தட்டு பெரிய கூட்டம் வாசித்தது, முரசு வரும் இடத்தில் ஊசி துள்ளும். இரண்டாவது அழுமூஞ்சி, ஆனால் அழுகையில் பொய் இல்லை. மூன்றாவது ஆள் சிக்கனக்காரர். கையளவு துணியை வைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சட்டையாக்கி, பையாக்கி, கடைசியில் கூடாரமே அடித்துவிடுவார். ஆறாவது மூட்டை முடிச்சோடு ஓடுகிறவன் நடை.

நாலும் ஐந்தும் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் வாசித்தவை. உன் லாங்கோர் நல்லபடியாகப் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று எழுந்து கதவை அறைவார். அந்த அம்மாள் அப்படி இல்லை. இரண்டாம் பாகத்தில் படிக்கட்டில் ஓடி இறங்குகிற மாதிரி வரும், ஒரு படிகூடத் தவறாது. அப்பா வேண்டாம் என்று சொன்ன பெண் என்று நீ எழுதியதைப் படித்ததும், அதுதான் அந்த ஓட்டமா என்று சிரித்துக்கொண்டேன்.

இப்போது கேள். அந்த அம்மாளின் மாதிரித் தட்டில், இரண்டாம் பக்கம், ஊசி வைத்து மூன்றாம் நிமிஷத்தில் செல்லோக்காரர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி முனகும். ஒரே ஒரு முறை. முனகியதும் யாரோ மூச்சை இழுப்பார்கள். உன் கடையில் போட்டுப் பார். ஐந்தாம் எண் போட்ட தட்டில் அது இருந்தால், அன்று என்னை அனுப்பியது சரி. இந்தக் காதை அறுத்துப் பூனைக்குப் போடுகிறேன். நாலாம் எண்ணில் இருந்தால் நான் சொன்னது சரி. இது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மகள், பிள்ளைகள், பூனை எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். முட்டி, கடை வேலை, மகள் வீட்டு மாற்றம் என்று நாள் ஓடிவிட்டது.

நீ சொன்னபடி கேட்டேன். நாற்காலி முனகுகிறது. மூச்சும் கேட்கிறது. உன் காது காதுதான்.

ஹோல்ம்போவைப் பற்றி நூலகர் ஒரு விஷயம் சொன்னார், உனக்குப் பிடிக்கும். ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு, மனைவியோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் மரம் நட்டாராம். காலையில் எழுதுவது, பிறகு மண்வெட்டி. நீ சிக்கனக்காரர் என்று சொன்னதை நூலகரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, சின்னஞ்சிறு இசைத்துண்டு ஒன்றை எடுத்து உருமாற்றி உருமாற்றி வளர்ப்பதுதான் அவருடைய முறை, உங்க அக்கா எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார். மரமும் அப்படித்தானே வளர்கிறது என்று தோன்றியது. அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். முதல் முறை வறட்சியாக இருந்தது. நாலாம் முறை நிழல் விழத் தொடங்கிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளும் விசாரித்தாள்.

உன்
தம்பி


மே 9

தம்பிக்கு,

முனகுகிறது என்று எழுதினாய். நாற்காலி என்றால் முனகத்தான் செய்யும். எந்த எண்ணில் முனகுகிறது என்று எழுதவில்லை. மரம் நட்டவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவனுக்கு ஓர் எண் எழுத மை தீர்ந்துவிட்டதா?

நலம்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாலாம் எண்ணில்.

நூலகர் வேறு நால்வர் வாசித்த டால்பெர்க் பதிவு ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். நம் நாலாம் தட்டில் இருப்பது டால்பெர்க்தான். நம் தட்டு வைத்திருக்கிறவர்கள் முப்பத்தெட்டு வருஷமாக அந்த அம்மாளின் இசையை லாங்கோர் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நீ சொன்னதுதான் சரி அக்கா. அன்றும் சரி, இன்றும் சரி.

நிகழ்ச்சியில் "தொழிற்சாலையில் எண்கள் இடம் மாறிவிட்டன" என்று ஒரு வரி சொல்லித் திருத்திவிடலாம் என்று நூலகர் சொல்கிறார். எனக்கும் அதுவே போதும் என்று படுகிறது. தொழிற்சாலை மூடி எத்தனையோ வருஷம். அச்சில் எண் கீறிய வழுக்கையும் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்தவர் தலையில் மறுபடி எதற்குச் சுமை? ஆறின கஞ்சியைக் கிளற வேண்டாம். நீ ஜெயித்தாய். மனசார நிம்மதியாக இரு.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் பூனையைக்கூட விசாரிக்கிறாய். என் மனைவி, அவளை விசாரித்து ஒரு வரி இதுவரை எழுதியதில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உன்
தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

நாலாம் எண்ணில் என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். பிறகு வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் காற்று வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு வரி போதாது. எனக்குக் கொடுத்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "கேட்கும் திறன் குறைவு காரணமாக." அதைக் காட்டாமல் வேறு தொழிற்சாலையில் உள்ளே விடமாட்டார்கள், காட்டினால் சேர்க்கமாட்டார்கள். இருபத்தாறு வருஷம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டேன். அத்தனை நீராவிச் சத்தத்திலும் எந்த இயந்திரம் கெடப் போகிறது என்று மெக்கானிக்குக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்வேன். அவன் என்னை "டாக்டர்" என்று கூப்பிடுவான். கேட்கும் திறன் குறைவாம்.

அதனால் வானொலியில் இப்படிச் சொல்ல வேண்டும்: தட்டுகள் அச்சான அன்றைக்கே கேட்பறைத் தொழிலாளி ஒருத்தி பிழையைச் சொன்னாள், சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். என் பெயரோடு சொல்ல வேண்டும். சாட்சி கேட்பார்கள். பொத்தானும் மேனேஜரும் மண்ணுக்குள். இருமல்காரி எங்கே என்று தெரியாது. சாட்சி உன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்னோடு அந்த மாதிரித் தட்டைக் கேட்டவள். வாயைத் திறக்கச் சொல்.

வழுக்கையை நான் விடமாட்டேன். அச்சறையில் மூன்று பேர் இருந்தீர்கள், எண் கீறியது அவர்தான் என்று அன்று நீதான் சொன்னாய். அவர் சாவுக்குக்கூட நான் போகவில்லை. செத்தால் தப்பு சரியாகிவிடுமா?

அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு நெட்டை எழுதுவது.

இந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. அண்ணி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தொழிற்சாலையில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன். நீங்கள் நலமா? நான் கேட்கலாமா என்று தெரியவில்லை.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் கிளாஸ் தட்டின் உறைக்குள் இருந்தது. நேற்று அந்தத் தட்டைத் துடைக்க எடுத்தபோது கீழே விழுந்தது. "என்னங்க இது?" என்றேன். "பதில் போடணும்" என்றார். ஆறு வாரமாகப் போடணும்.

அக்கா, அன்று எனக்குக் கேட்டது. உங்களுக்கு முன்னாலேயே கேட்டது. அரைமணி நேரம் முன்னால் அதே நாலாம் எண் என் கைக்கு வந்தது. நாற்காலி முனகியது. சீட்டில் "சரி" என்று எழுதிவைத்தேன். ஏனென்றால் எண் மாறியது யாரால் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் தம்பி இரண்டு அச்சுகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்தார். தட்டு அழுத்துகிற உலோக அச்சுகள், இன்னும் எண் கீறாதவை. எது நாலு எது ஐந்து என்று துண்டுச் சீட்டுதான் செருகியிருந்தது. என்னோடு பேசுவதற்காகத் திட்டில் சாய்த்து வைத்தார். சீட்டு இரண்டும் காற்றில் விழுந்தன. எடுத்தார், பார்த்தார், தலையைச் சொறிந்தார். "ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே செருகிவிட்டுப் போனார். போய் அந்தச் சீட்டைப் பார்த்து அவரேதான் எண் கீறினார். வழுக்கை அன்று விடுப்பு, அக்கா. பாவம் அந்த மனுஷர்.

அதற்கு முன் உங்கள் தம்பி பேரில் இரண்டு தப்பு எழுதியிருந்தார்கள். மூன்றாவது என்றால் வெளியே. நான் வாயைத் திறந்தால் அவர் போவார். உங்களைத் திட்டுவார்கள், நீங்கள் திருப்பித் திட்டிவிட்டு வந்து உட்காருவீர்கள் என்று நினைத்தேன். அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கவில்லை. அனுப்பிய பிறகு சொல்ல தைரியம் இல்லை. உங்கள் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். அதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை.

அவர் உங்கள் வீட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் "இந்தத் தடவை சொல்லிருங்க" என்பேன். ஒரு தடவை "அக்கா சந்தோஷமா இருந்தா, கெடுக்க வேண்டாம்னு விட்டேன்" என்பார். அடுத்த தடவை "அக்கா கோபமா இருந்தா, இன்னும் கிளப்ப வேண்டாம்னு விட்டேன்" என்பார். சந்தோஷமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் நீங்கள் எப்போது இருந்தீர்கள்?

இன்று காலை நானே வானொலி நிலையத்துக்குப் போனேன். இதெல்லாவற்றையும் நூலகரிடம் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நெட்டை


ஜூலை 29

அக்கா,

அவள் எழுதியிருப்பாள். எல்லாம் உண்மை. நான் அப்போது இருபத்திரண்டு வயசுப் பையன். பிறகு வயது ஏறிக்கொண்டே போனது, சொல்ல வேண்டியதும் கனத்துக்கொண்டே போனது.

ஆகஸ்ட் 14, வியாழன், மாலை ஐந்து மணிக்கு வானொலியில் நாலும் ஐந்தும் வருகின்றன. கேள்.

திட்டு. ஆனால் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 20

நெட்டைக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரை வேளைக்குப் போடுகிறாயா? உயரமானவர்கள் சட்டென்று எழுந்திருக்கக்கூடாது, தலை சுற்றும். பழைய முதுகுவலி இன்னும் இருக்கிறதா? அந்த நாற்காலிக்குச் சாய்மானமே கிடையாது, எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை என் மகள், மருமகன், இரண்டு பேத்திகள், மாடிவீட்டுக்காரர் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டேன். யாரையும் பேசவிடவில்லை. நூலகர் என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னார். கேட்பறைத் தொழிலாளி என்றார், அச்சான அன்றே பிழையைக் கண்டுபிடித்தவர் என்றார், பிழை அவர் காதில் இல்லை என்றார். கூட வேலை செய்தவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சாட்சி என்று நீ எழுதியதை வாசித்தார். என் மகள் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். சலவைக்கூடத்து மெக்கானிக் மறுநாள் தேடிக்கொண்டு வந்து, "டாக்டர், கேட்டேன்" என்றான்.

பிறகு டால்பெர்க் அம்மாளை அவர் பெயரிலேயே வாசித்தார்கள். நம் தட்டைத்தான் போட்டார்கள். இரண்டாம் பாகத்தில் அந்தப் படிக்கட்டு ஓட்டம் வந்தபோது, ஹெட்போன் இல்லாமல், சீட்டு இல்லாமல், எந்தக் கீறலையும் தேடாமல், வெறும் பாட்டாக முதல் முறை கேட்டேன். நன்றாக இருக்கிறது நெட்டை. அன்றைக்கே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

லாங்கோரையும் சரியான பெயரில் கேட்டேன். கோபக்காரர். எனக்குப் பிடித்துவிட்டது.

வழுக்கையின் மகன் விலாசத்தை விசாரித்து, உங்கப்பாவைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று எழுதிப் போட்டேன். பதில் வராவிட்டாலும் சரி, எழுதியது எழுதியதுதான்.

இனி உன் விஷயம். உன் மேல் எனக்கு இருப்பது கோபம். நாற்காலி விஷயத்தில் நிறையவே இருக்கிறது. ஆனால் கோபம் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை சண்டை போட்டால் கரைந்துவிடும். அதற்கு நீ இங்கே வரவேண்டும். அடுத்த மாதம் வா. பத்து நாளாவது இரு. அந்த மூன்றாம் தட்டையும் எடுத்து வா; மரம் நட்டவரை நான் இன்னும் நிதானமாகக் கேட்கவில்லை.

நீ பொய் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. அதை நீயாக நடந்துபோய் ஊரறியச் சொன்னாய். அவன் வருஷத்துக்கு இரண்டு முறை என் வீட்டுக்கு வந்தான். முப்பத்தெட்டு வருஷம். நான் உன்னைத் திட்டத் திட்ட, என் கையால் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமாக்கா, அவ அப்படித்தான்" என்று தலையாட்டினான். உனக்குத் தெரியுமா இது? தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்துகொள்.

அவனும் உன்னோடு வரட்டும். சாப்பாடு போடுவேன், முட்டிக்குத் தைலம் கொடுப்பேன். மன்னிப்பு மட்டும் கிடையாது. அக்கா யாரைச் சொல்கிறாள் என்று, ஒன்றும் தெரியாதவன் போல உன்னைக் கேட்பான். அப்போது இந்தக் கடைசி வரியை அவன் காதில் விழும்படி உரக்கப் படி: அச்சறையில் எண் கீறியவன், உன் புருஷன், என் ஒரே தம்பி.